பெரிய நாற்காலியில் சின்ன அம்மன்

ஓவாலுன் ஊர்க் கோயிலில் அம்மன் உட்கார்ந்திருக்கும் நாற்காலி அவளுக்குப் பெரியது. இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் மிச்சம். சிற்பி மரத்தைத் தனக்கு ஒதுக்கிக்கொண்டாள் என்று ஒரு பேச்சு உண்டு. பெண்பிள்ளைக்கு அளவுகோல் பிடிக்கத் தெரியவில்லை என்று இன்னொரு பேச்சு. இரண்டும் பொய். ஊரின் பெயரை இங்கே மாற்றியிருக்கிறேன். சிற்பியின் பெயரை மாற்றவில்லை; மாற்ற வேண்டாம் என்று அவளே சொன்னாள். தமிழில் எழுதினால் அங்கே யார் படிக்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். அந்தத் தைரியம் சரிதானா என்பது வேறு விஷயம்.

ஷி சூ-லுவானுக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. தைபேக்குத் தெற்கே, லுகாங் ஊரின் மீன் சந்தைக்குப் பின்னால் உள்ள சந்தில் அவளுடைய பட்டறை. மேல் மாடியில் பதினான்கு வருஷமாக நான் குடியிருக்கிறேன். காலை ஏழு மணிக்கு உளிச் சத்தம் ஆரம்பிக்கும். கற்பூர மரத்தின் வாசனை படியேறி வந்து போர்வையில், சட்டையில், சோற்றில் ஒட்டிக்கொள்ளும். சத்தம் கேட்காத நாளில் கீழே இறங்கிப் பார்ப்பேன்.

அவள் சாமி செதுக்கும் குடும்பத்தில் பிறந்தவள் இல்லை. அப்பா சைக்கிள் பழுது பார்த்தவர். தைபேயில் சிற்பம் படித்துவிட்டு ஊர் திரும்பி, ஒரு பட்டறையில் முதல் இரண்டு வருஷம் உப்புத்தாள் தேய்த்தாள். பிறகு கை கால், பிறகு உடையின் மடிப்பு. முகத்தைத் தொட ஏழு வருஷம் ஆயிற்று. முப்பத்தைந்தாவது வயதில் சொந்தப் பலகை மாட்டினாள். கடலம்மன், அடுப்புச் சாமி, கறுப்புப் புலிமேல் உட்கார்ந்த செல்வச் சாமி என்று கோயில்காரர்கள் வரத் தொடங்கினார்கள்.

அதை அவளே கெடுத்துக்கொண்டாள் என்பார்கள் சந்தில். சாமி சிலைக்கு முதுகில் ஒரு குழி தோண்டுவது வழக்கம். ஐந்து உலோகத் துணுக்கு, ஐந்து நிற நூல், தானியம், உயிரோடு ஒரு குளவி, எல்லாவற்றையும் உள்ளே வைத்து மரத்துண்டால் அடைப்பார்கள். அதற்கப்புறம்தான் அது மரம் இல்லை. தைபேயில் ஒரு கண்காட்சிக்கு சூ-லுவான் பன்னிரண்டு சிலைகள் செய்து அனுப்பினாள். பன்னிரண்டும் பார்க்க வருபவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தன. குழிகள் திறந்தே இருந்தன, உள்ளே ஒன்றுமில்லை. பத்திரிகைகள் புகழ்ந்து எழுதின. லுகாங்கில், "சாமியோட சட்டையைக் கழட்டித் தெருவுல நிறுத்திட்டா" என்றார்கள்.

"காலியா இருந்ததுதான் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. யாரோ வரப்போறாங்கன்னு வீட்டைப் பெருக்கி வெச்ச மாதிரி" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். கோயில்காரர்களிடம் அதைச் சொல்லிப் பார்த்தாளா, தெரியாது. ஒன்பது வருஷம் ஒரு கோயிலும் அவளைத் தேடி வரவில்லை. அவளுடைய வேலைகள் ஜப்பானில் இரண்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஆனாலும் சாமி ஊர்வலம் சந்து வழியாகப் போகும்போது வாசலில் ஊதுபத்தியோடு நின்று, பல்லக்கில் இருப்பது யார் கைவேலை என்று உற்றுப் பார்ப்பாள். பிறகு அன்று முழுவதும் யாரோடும் பேசமாட்டாள்.

ஒன்பதாவது வருஷம் ஓவாலுனிலிருந்து சாய் யுங்-லாய் வந்தார். கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் சிப்பி வளர்க்கும் ஊர் அது. அவர் கோயில் கமிட்டித் தலைவர், அவருக்கும் சிப்பித் தொழில்தான். கோயிலுக்குப் பின்னால் நின்ற கற்பூர மரம் இரண்டு வருஷம் முன்பு சூறாவளியில் சாய்ந்துவிட்டது. அதில் பிறப்பெழுதும் அம்மனைச் செய்ய வேண்டும். ஒரு கையில் ஏடும் மறு கையில் தூரிகையுமாக, யாருக்குப் பிள்ளை பிறக்கும் என்று எழுதுகிறவள்.

"உண்மையைச் சொல்லிடறேன். கமிட்டியில பாதிப் பேருக்கு நீ வேண்டாம். என் மருமக பெய்-சுன்தான் ஒத்தக் கால்ல நிக்கிறா. காலேஜ்ல படிக்கும்போது உன்னோட அந்த முதுகு சிலையெல்லாம் பார்த்தாளாம்."

"பார்த்துட்டுமா என்கிட்ட அனுப்பினா?"

"ரெண்டு பிள்ளை தங்காமப் போச்சு அவளுக்கு. காலியா இருக்கிறது என்னன்னு அந்தப் பொம்பளைக்குத் தெரியும்னு சொல்றா. எனக்கு இதெல்லாம் புரியாது."

சூ-லுவான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உளி தீட்டப் போய்விட்டாள். அதுதான் சம்மதம்.

இந்தத் தொழிலில் மீறக்கூடாத விதி ஒன்று உண்டு. மரம் மண்ணில் எப்படி நின்றதோ அப்படியே சாமியும் உட்கார வேண்டும். கொண்டைப் பக்கம் தலை, வேர்ப்பக்கம் பீடம். மாறிப்போனால் சாமியைத் தலைகீழாகத் தொங்கவிட்ட மாதிரி. அதனால் மரம் வெட்டிய அன்றே கொண்டைப் பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிவிடுவார்கள். ஓவாலுன் கட்டை கோயில் கொட்டகையில் இரண்டு வருஷம் காய்ந்து, மில்லில் நான்கு பக்கமும் சீவிச் சதுரமாகி வந்தது. வரும்போது துணி கட்டியிருந்தது.

முதல் வெட்டுக்குக் குறித்த வேளை காலை ஏழிலிருந்து ஒன்பது. வழியில் லாரி டயர் வெடித்து, கட்டை வந்து இறங்கும்போது எட்டரை தாண்டிவிட்டது. எந்தக் கட்டை வந்தாலும் சூ-லுவான் அதைச் சந்துக் கடைசியில் உள்ள வாத்துக் குளத்தில் மிதக்கவிட்டுப் பார்ப்பாள். வேர்ப்பக்கம் கனம், சற்று அமிழும். அன்று அதற்கு நேரமில்லை. கமிட்டிக்காரர்கள் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு நின்றார்கள். துணி இருந்தது. சிவப்புத் தாள் ஒட்டி, அம்மன் பெயர் சொல்லி, சிறு கோடாலியால் மூன்று வெட்டு வெட்டினாள்.

நான்கு மாதம் வேலை நடந்தது. மூன்றரை அடி உயரம். சாமிக்கென்று உள்ள அளவுகோலில், நல்லதென்று குறித்த சிவப்புக் கட்டத்தில் விழுகிற உயரம். தச்சர்கள் அதற்கேற்ற நாற்காலியைத் தனியாகச் செய்து கோயிலில் வைத்துவிட்டார்கள். முகத்தை மூன்றாம் மாதம் தொட்டாள். அழகான முகம் என்று சொல்ல முடியாது. தூரிகையைத் தூக்கிவிட்டு, எழுதுவதற்கு முன் ஒரு நொடி தயங்குகிற முகம். கீழ் உதட்டை லேசாக உள்ளிழுத்திருப்பாள். தங்க ரேக் ஒட்டுகிற கிம்-ஹுவே, பாக்கை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"அக்கா, இவ எழுதிடுவா. எழுதாம விடமாட்டா."

"ரேக் ஒட்டும்போது கன்னத்துல துப்பிடாத."

"ஒம்பது வருஷம் கழிச்சு ஒரு கோயில் வேலை வந்திருக்கு, துப்புவேனா? முழுங்கிடறேன்."

ஒரு செவ்வாய்க்கிழமை முதுகுக்குழி தோண்ட ஆரம்பித்தாள். நான் மாடியில் இருந்தேன். கொட்டாப்புளியின் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது, சட்டென்று நின்றது. அரைமணி பொறுத்துக் கீழே போனேன். சிலையைக் குப்புறக் கிடத்தி, குழிக்குள் கைவிளக்கை அடித்துக்கொண்டு சூ-லுவானும் கிம்-ஹுவேயும் குனிந்திருந்தார்கள்.

மரத்துக்குள் ஒரு கிளையின் அடித்தண்டு புதைந்திருந்தது. எப்போதோ இளசாக இருந்தபோது முறிந்த கிளை. மரம் வளர்ந்து அதை மூடிவிட்டதால் வெளியே அடையாளமே இல்லை. கிளை என்றால் நடுத்தண்டிலிருந்து கிளம்பி மேல்நோக்கிப் போகும். இது அம்மனின் நடுமுதுகிலிருந்து பீடத்தைப் பார்த்து இறங்கியது.

"கீழ் நோக்கி வளர்ற கிளையும் இருக்கும்ல அக்கா?"

"கற்பூர மரத்துல பார்த்திருக்கியா?"

கிம்-ஹுவே பார்த்ததில்லை. பிறகு அவளே, "குழியை அடைச்சுட்டா யாருக்குத் தெரியும்? சுண்ணம் பூசி, உடைமேல அரக்கு இழையாப் பூவேலை ஓட்டி, மேல ரேக்கு ஒட்டிட்டா நானே மறந்துடுவேன்" என்றாள்.

"எனக்குத் தெரியுமே."

"உனக்குத் தெரிஞ்சா என்ன? நீயா போய் அங்க பிள்ளை வரம் கேக்கப் போற? பிள்ளைன்னா தலைகீழாத்தான் வரணும். அவளும் தலைகீழா இருந்துட்டுப் போகட்டும்."

சூ-லுவான் சிரிக்கவில்லை. வெளியே தெரிந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். சாமியின் முதுகைத் திறந்து காட்டியவள் இப்போது சாமியையே கவிழ்த்துவிட்டாள் என்பார்கள். அதற்குப் பிறகு ஒரு கோயிலும் அவளை வாசல்படி ஏற்றாது. மூடிவிட்டால், அந்த முகம் ஓவாலுனில் உட்கார்ந்திருக்கும், அவள் மறுபடி சாமிச் சிற்பியாகிவிடுவாள். எட்டு நாள் அவள் குழியை அடைக்கவுமில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. சிலைமேல் ஒரு போர்வையைப் போட்டுவிட்டு, ஓர் உடைந்த சிங்கத் தலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் நாள் யுங்-லாய் ஒரு வாளிச் சிப்பியோடு வந்தார். மருமகள் மறுபடி உண்டாகியிருந்தாள், எட்டாம் மாதம். அவர் சந்தோஷமாக இருப்பார் என்று நினைத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து தொப்பியைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"நேத்து ஸ்கேன் எடுத்தாங்க. பிள்ளை திரும்பலையாம். தலை மேல இருக்காம், உட்கார்ந்த மாதிரி. இன்னும் நாள் இருக்கு, திரும்பிடும்னு டாக்டர் சொல்றாரு. அம்மனுக்குக் கண் திறப்பை ஒரு பத்து நாள் முன்னால வெச்சுக்கலாமான்னு கேக்கத்தான் வந்தேன்."

கிம்-ஹுவே பாக்கு மெல்லுவதை நிறுத்தினாள். சூ-லுவான் எழுந்து போய் போர்வையை எடுத்தாள். சிலையைத் திருப்பினாள். கைவிளக்கை அவர் கையில் கொடுத்தாள்.

"யுங்-லாய் அண்ணே, உள்ள பாருங்க. தலையும் வேரும் மாறிப் போச்சு. நான் மரத்தைச் சரியாப் பார்க்கல."

அவர் வெகுநேரம் பார்த்தார். விளக்கை அணைக்க மறந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். துணிக்கு உள்ளிருந்து வெளிச்சம் தெரிந்தபடியே வெளியே போய் வண்டியில் ஏறினார்.

இரண்டு நாள் கழித்து ஓவாலுனில் கமிட்டி கூடியது. சிலையை ஏற்றிய வேனை நான்தான் ஓட்டிப் போனேன். ஏழு பேரும் சன்னதி முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பெய்-சுன் தூணோரம், வயிற்றின்மேல் இரண்டு கைகளையும் கோத்து வைத்து உட்கார்ந்திருந்தாள். வரவேண்டாம் என்று வீட்டில் சொல்லியும் வந்திருந்தாள்.

"பொம்பளை கையில குடுக்காதீங்கன்னு அன்னிக்கே சொன்னேன்" என்றார் ஒருவர்.

"இவளுக்கு இது புதுசா? முதுகைக் காட்டினவதானே" என்றார் இன்னொருவர்.

மூன்றாமவர் கொஞ்சம் நிதானமானவர். "அந்தச் சிவப்புத் துணி எப்படி மாறுச்சு? வெட்டின அன்னிக்குக் கொண்டையில கட்டினதை நானே பார்த்தேனே" என்று கேட்டார்.

யுங்-லாய் ஒருமுறை மருமகளைப் பார்த்தார். "மழைக் காத்துல அவுந்திருக்கும். லாரிக்காரன் எடுத்துக் கட்டியிருப்பான்" என்றார்.

"துணி எங்க இருந்தா என்ன? மரத்தைப் படிக்கிறது என் வேலை. தண்ணியில போட்டுப் பார்த்திருக்கணும். தப்பு என்னோடது" என்றாள் சூ-லுவான்.

அதன்பின் அம்மனையே கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. பிறை வடிவத்தில் இரண்டு கட்டைகள், ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் குவிவு. ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாக்கவும் விழுந்தால் சம்மதம். இரண்டும் குப்புற விழுந்தால் மறுப்பு. இரண்டும் மல்லாந்தால் சாமி சிரிக்கிறது, பதில் இல்லை. அந்த வருஷம் தூபப் பொறுப்பு யுங்-லாயுடையது, அவர்தான் போட வேண்டும். கட்டைகளை ஊதுபத்திப் புகையில் சுற்றி எடுத்தார்.

"தாயே, இப்படியே இருந்துக்கறியா?" இரண்டும் குப்புற விழுந்தன.

"வேற மரம் வாங்கட்டுமா?" இரண்டும் மல்லாந்தன. ஒருவர் சிரிக்கத் தொடங்கி, அடக்கிக்கொண்டார்.

என்ன கேட்பதென்று தெரியாமல் எல்லாரும் நின்றார்கள். சூ-லுவான் சிலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மண்டியிட்டு, கையை விரித்து, பீடத்திலிருந்து மார்புவரை சாண் போட்டு அளந்தாள். எழுந்து, ஒருமுறை அந்த முகத்தைப் பார்த்தாள்.

"இதே மரத்தைத் திருப்பிப் போட்டு, பீடம் இருக்கிற இடத்துல தலை வர்ற மாதிரி செய்யலாம். மார்பு வரைக்கும்தான் உதவும். பாதி அளவுக்குத்தான் வருவா. சின்னவளா வரச் சம்மதமான்னு கேளுங்க."

"அப்ப இந்த முகம்?" என்றாள் பெய்-சுன் தூணோரத்திலிருந்து. அவள் பேசியது அந்த ஒரு முறைதான்.

"போயிடும்."

யுங்-லாய் கட்டைகளை மூன்று முறை போட்டார். மூன்று முறையும் ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க. காரணத்தை வெளியே பேசக்கூடாது, ஊர்ப்பெண்கள் பயந்துவிடுவார்கள் என்று ஏழு பேரும் பேசி முடிவு செய்தார்கள். அந்த முடிவு அவளுக்கு எவ்வளவு கெடுதல் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்திருக்கும்.

அறுத்தது பட்டறையில், மறுநாள் பிற்பகல். இயந்திர ரம்பம் இருந்தும் அவள் கைரம்பத்தை எடுத்தாள். யுங்-லாய் சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நின்றார்.

"வந்ததுதான் வந்தீங்க, தலையைப் புடிச்சுக்குங்க. ஆடக்கூடாது."

அவர் இரண்டு உள்ளங்கைகளாலும் அம்மனின் கன்னங்களைப் பிடித்துக்கொண்டார். ரம்பம் தோளுக்குக் கீழே இறங்கியது. கற்பூர வாசனை கண்ணைக் கரித்தது. பாதி அறுத்திருப்பாள். நான் படிக்கட்டில் நின்றிருந்தேன்.

"அந்தத் துணி..." என்றார் யுங்-லாய்.

ரம்பம் நிற்கவில்லை.

"போன புத்தாண்டுக்கு முன்னால வெயில்ல வெளுத்துக் கெடந்துச்சு. நான்தான் அவுத்துட்டு, மறுநாள் புதுசு கட்டினேன். அதுக்குள்ள கொட்டகையைக் கழுவுறதுக்காகக் கட்டையைத் திருப்பிப் போட்டிருந்தாங்க. எந்தப் பக்கம்னு நான் யோசிக்கவே இல்ல."

ரம்பம் நின்றது. "அன்னிக்குச் சொல்லியிருக்கலாமே."

"மருமக உட்கார்ந்திருந்தா. பிள்ளை திரும்பாம கெடக்கு. மாமனார்தான் கவுத்துக் கட்டினாருன்னு அவ காதுல விழுந்தா, அந்தப் பொண்ணு என்னை எப்படிப் பார்க்கும்?"

சூ-லுவான் நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டாள். அவளுக்குக் கோபம் வந்தது, அது தெளிவாகத் தெரிந்தது. உதடு திறந்தது. பிறகு ரம்பத்தைப் பார்த்தாள்.

"ஆடாமப் புடிங்கண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

தலை அவர் கைக்கு வந்தபோது அவர் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார். செய்தி எப்படியோ தைபேக்கு எட்டி, பழைய கண்காட்சிக்காரர்கள் போன் செய்தார்கள். அந்தத் தலையை மட்டும் தர முடியுமா, அடியில் ரம்பத் தடம் அப்படியே இருக்கட்டும் என்று கேட்டார்கள். "அது என்னோடது இல்ல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். கன்னத்திலிருந்து ஒரே ஒரு சீவல் எடுத்துக்கொண்டு, மீதியைக் கோயிலின் காகிதம் எரிக்கும் உலையில் போடக் கொடுத்தாள். அந்தச் சீவல் புது அம்மனின் முதுகுக்குழியில், நூலோடும் குளவியோடும் இருக்கிறது. புது அம்மனைச் செய்ய ஏழு வாரம், உயரம் ஒன்றரை அடியும் சொச்சமும். அளவு சிவப்புக் கட்டத்தில்தான் விழுந்தது. இந்த முகம் தயங்கவில்லை. எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்த முகம். முந்தையது இதைவிட நன்றாக இருந்தது. அதை அவளும் அறிவாள்.

குழந்தை திரும்பவேயில்லை. கண் திறப்புக்கு மூன்று வாரம் முன்பே அறுவை செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை, தாயும் நலம்.

கண் திறப்பு அன்றே பேச்சு தொடங்கிவிட்டது. இவ்வளவு பெரிய மரத்தில் இவ்வளவுதானா? மிச்சம் எங்கே போயிற்று? அடுத்த மாதம், கடலம்மன் செய்யச் சொல்லிப் பேசிவைத்திருந்த வேறொரு கோயில், யோசித்துச் சொல்கிறோம் என்றது. யோசித்துக்கொண்டே இருக்கிறது. கிம்-ஹுவேதான் கொதித்தாள்.

"வாயைத் தொறந்து சொல்லேன் அக்கா! யார் கட்டினாங்கன்னு சொல்லு!"

"சொல்லி? அந்தப் பொண்ணு தெனமும் அவருக்குச் சோறு போடுறா."

"அவ சோத்துக்கு நீ ஏன் பட்டினி கெடக்கணும்?"

இப்போது எந்தக் கட்டை வந்தாலும் சூ-லுவான் முதலில் துணியை அவிழ்த்து எறிகிறாள். நல்ல வேளை போனாலும் போகட்டும் என்று வாத்துக் குளத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறாள். திமிர் என்கிறார்கள். கடைகளில் வைக்கும் சாமிகள், சிங்கத் தலைகள், அருங்காட்சியக வேலைகள் என்று நாள் போகிறது.

சென்ற மாதம் அம்மனின் தோளில் ரேக் உரிகிறது என்று ஓவாலுனிலிருந்து கூப்பிட்டார்கள். நாங்கள் மூவரும் போனோம். நாற்காலியின் வெற்றிடத்தில் குழந்தைச் செருப்புகள் நிறைந்திருந்தன. பிள்ளை பெற்றவர்கள் கொண்டுவந்து செருகியவை. எல்லாவற்றுக்கும் அடியில், அம்மனின் முழங்காலோடு ஒட்டி, பழைய சிவப்புத் துணிக் கீற்றால் சேர்த்துக் கட்டிய ஒரு ஜோடி. வெயிலில் வெளுத்த துணி, கட்டையில் கட்டுகிற அதே வகை. சூ-லுவான் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

பக்கத்தில் ஊதுபத்தியோடு நின்ற ஒரு வெளியூர்ப் பெண் அவளிடம், "அம்மன் சக்தியுள்ளவதான். ஆனா செஞ்சவளுக்கு அளவு தெரியல, பாருங்க" என்றாள்.

சற்றுத் தள்ளிச் சாம்பல் கூட்டிக்கொண்டிருந்த யுங்-லாய் துடைப்பத்தை நிறுத்தினார். ஓரடி முன்னால் வந்தார். "அது வந்து..." என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பெய்-சுன் நான்கு வயதுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்படி ஏறினாள். குழந்தை தாத்தாவிடம் ஓடியது.

"ஆமா, தெரியலதான்" என்றாள் சூ-லுவான் அந்தப் பெண்ணிடம். நாற்காலி விளிம்பில் விழப்போன ஒரு செருப்பை உள்ளே தள்ளிவிட்டு, ரேக் தாளை எடுத்துத் தரும்படி கிம்-ஹுவேயிடம் கையை நீட்டினாள்.